சிசிஜே வந்துவிட்டதா? கோர்ட் தீர்ப்பு உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை என்ன செய்யும்: இங்கிலாந்தில் வாழ்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மார்ட்கேஜ் (வீட்டுக் கடன்) ஆலோசகர் எங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, "உங்கள் பெயரில் ஒரு சிசிஜே இருக்கிறதே, தெரியுமா?" என்று கேட்டபோது எனக்கு அந்தச் சொல்லே புதிது. 412 பவுண்ட். நாங்கள் காலி செய்துவிட்டுப் போன பழைய வாடகை வீட்டின் மின்கட்டணம். வழக்குப் போட்டது, கடிதம் அனுப்பியது, தீர்ப்பு வாங்கியது எல்லாமே அந்தப் பழைய முகவரியிலேயே நடந்து முடிந்திருந்தது. எங்கள் கைக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை.

அதிலிருந்து வெளியே வர ஏழு மாதம் ஆனது. அப்புறம் தெரிந்தவர்கள் பலருக்குக் கடிதம் படித்துச் சொல்லவும் படிவம் நிரப்பவும் கூட உட்கார்ந்திருக்கிறேன். காசு இல்லாததால் மாட்டிக்கொண்டவர்களைவிட, தேதி தவறியதால் மாட்டிக்கொண்டவர்களைத்தான் அதிகம் பார்த்தேன். அதனால் இந்த வழிகாட்டியில் தேதிகளை மட்டும் மேலோட்டமாகப் படித்துவிடாதீர்கள்.

இங்கே சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் கோர்ட் நடைமுறை வேறு. அங்கே இருப்பவர்கள் படிவ எண்களையும் கெடுக்களையும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில், தீர்ப்பு எப்படி ரிப்போர்ட்டுக்குள் வருகிறது

சிசிஜே என்பது கவுண்டி கோர்ட் ஜட்ஜ்மெண்ட். நீங்கள் இவ்வளவு பணம் தர வேண்டும் என்று கவுண்டி கோர்ட் சொல்லும் சிவில் தீர்ப்பு. இது குற்றப் பதிவு இல்லை. போலீஸ் சான்றிதழில் வராது. இதைக் கேட்டுப் பயந்து தூக்கம் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும் என்பதால் முதலிலேயே சொல்கிறேன். ஆனால் குடியுரிமை விண்ணப்பப் படிவத்தில் சிவில் தீர்ப்புகள் பற்றிய கேள்வி உண்டு. அங்கே மறைக்காமல் எழுதுங்கள்; கட்டி முடித்த ஆதாரம் இருந்தால் சேர்த்தே வையுங்கள்.

தீர்ப்பு வந்ததும் கோர்ட் அதைத் தீர்ப்புகள், ஆணைகள், அபராதங்களுக்கான பொதுப் பதிவேட்டுக்கு அனுப்பும். ரெஜிஸ்ட்ரி டிரஸ்ட் என்ற நிறுவனம் நீதி அமைச்சகத்துக்காக அதை நடத்துகிறது. அங்கிருந்து எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கிரெடிட் ரிப்போர்ட் நிறுவனங்களும் எடுத்துக்கொள்கின்றன. அதாவது, வழக்குப் போட்டவர் யாரிடமும் போய்ப் புகார் செய்ய வேண்டியதில்லை. தீர்ப்பு தானாகவே உங்கள் ரிப்போர்ட்டில் ஏறிவிடும். ஏறியது தீர்ப்புத் தேதியிலிருந்து 6 வருடம் நிற்கும்.

எல்லாக் கடனும் இப்படி ஏறுவதில்லை. கவுன்சில் டாக்ஸ் பாக்கிக்கு மாஜிஸ்திரேட் கோர்ட் தரும் ஆணை கிரெடிட் ரிப்போர்ட்டில் வராது. கவுன்சில் போடும் பார்க்கிங் அபராதமும் சிசிஜே ஆகாது. சூப்பர்மார்க்கெட் கார் பார்க்கை நடத்தும் தனியார் பார்க்கிங் கம்பெனியின் நோட்டீஸ் வேறு ஜாதி: அவர்கள் கவுண்டி கோர்ட்டில் வழக்குப் போட்டு வென்றால் அது சாதாரண சிசிஜேதான். இரண்டு நோட்டீஸும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் பலர் குழம்புகிறார்கள்.

படி 1: கையில் இருப்பது எந்தக் கடிதம் என்று பாருங்கள்

மூன்று வகைதான். முதலாவது, வழக்குக்கு முந்தைய கடிதம். 2017 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, தனிநபரிடம் கடன் கேட்கும் நிறுவனம் வழக்குப் போடும் முன் இதை அனுப்பி, பதில் சொல்ல 30 நாள் தர வேண்டும். கூடவே ஒரு பதில் படிவமும் வரும். இந்தக் கட்டத்தில் உங்கள் ரிப்போர்ட்டுக்குத் தீர்ப்பு என்ற ஆபத்து இன்னும் வரவில்லை. கடன் உங்களுடையது இல்லை என்றால் அதைச் சொல்லவும், ஒப்பந்தத்தின் நகல் கேட்கவும், தவணை பேசவும் இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

இரண்டாவது, கோர்ட் அனுப்பும் வழக்குப் படிவம். வலது மேல் மூலையில் வழக்கு எண்ணும், அது பதிவான தேதியும் இருக்கும். கூடவே என்9 என்ற பதில் படிவத் தொகுப்பு வரும்.

மூன்றாவது, தீர்ப்பே. "வழக்குத் தொடுத்தவருக்குச் சாதகமான தீர்ப்பு" என்று ஆங்கிலத்தில் தலைப்பு இருக்கும். இது வந்திருந்தால் நேராகப் படி 3-க்குப் போங்கள்.

கடன் வசூல் ஏஜென்சிகள் கோர்ட் கடிதம்போலத் தோன்றும் கடிதங்களை அனுப்புவதுண்டு. வழக்கு எண் இல்லை, கோர்ட்டின் பெயர் இல்லை என்றால் அது கோர்ட் கடிதம் இல்லை.

படி 2: வழக்குப் படிவம் வந்தால் 14 நாள்

கணக்கை இப்படிப் போடுங்கள். பெரும்பாலான கடன் வழக்குகள் நார்தாம்ப்டனில் உள்ள மையத்திலிருந்து மொத்தமாக அனுப்பப்படுபவை. அவற்றில், படிவத்தில் அச்சிட்ட பதிவுத் தேதியிலிருந்து ஐந்தாம் நாள் அது உங்களுக்குக் கிடைத்ததாகக் கருதப்படும். அதிலிருந்து 14 நாள். ஆக, அச்சிட்ட தேதியோடு 19 நாள் கூட்டினால் கெடு வந்துவிடும். கடிதத்தை நீங்கள் எந்த நாளில் பிரித்தீர்கள் என்பது கணக்கில் வராது. விடுமுறைக்கு ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்துத் திரும்புபவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள்.

யோசிக்க நேரம் வேண்டுமென்றால், கடிதம் கிடைத்தது என்று ஒப்புக்கொள்ளும் படிவத்தை மட்டும் அந்த 14 நாளுக்குள் அனுப்புங்கள். எதிர்வாதம் எழுதக் கெடு 28 நாளாகிவிடும். படிவத்தில் கடவுச்சொல் கொடுத்திருந்தால் இணையத்திலேயே சில நிமிடத்தில் முடியும். ஒன்றுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? வழக்குப் போட்டவர் ஒரு விண்ணப்பம் கொடுப்பார், யாரும் விசாரிக்காமலே தீர்ப்பு வந்துவிடும். எங்களுக்கு வந்ததும் அப்படிப்பட்ட தீர்ப்புதான்.

உங்களுக்கு இருக்கும் வழிகளைப் பார்ப்போம்.

கடன் சரிதான், கையில் காசும் இருக்கிறது என்றால், கோர்ட் கட்டணம் உட்பட முழுத் தொகையையும் தீர்ப்பு வருவதற்கு முன் கட்டிவிடுங்கள். சிசிஜே வராது, ரிப்போர்ட்டில் ஒன்றும் ஏறாது. பணம் வழக்குப் போட்டவருக்குத்தான் போக வேண்டும், கோர்ட்டுக்கு அனுப்பக் கூடாது. ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் சரி, ஆனால் தவணையில்தான் முடியும் என்றால் கொஞ்சம் கவனம் வேண்டும். என்9ஏ படிவத்தில் கடனை ஒப்புக்கொண்டு தவணை கேட்டால் தவணை கிடைக்கலாம், ஆனால் அதோடு சிசிஜேயும் வரும். பலருக்கு இது தெரிவதில்லை. "நான்தான் ஒழுங்காகத் தவணை கட்டுகிறேனே, ஏன் ரிப்போர்ட்டில் வந்தது?" என்று கேட்பார்கள். இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. தீர்ப்பு கேட்காமல் தவணைக்கு ஒப்புக்கொள்ளும்படி வழக்குப் போட்டவரிடம் நேரடியாகப் பேசுங்கள். ஒப்புக்கொண்டால் அதை டாம்லின் ஆணை என்ற வடிவில் கோர்ட்டில் பதிய வைக்கலாம். அதன்படி வழக்கு நிறுத்தி வைக்கப்படும். நீங்கள் தவணை தவறாதவரை தீர்ப்பு இல்லை, பதிவேட்டிலும் எதுவும் இல்லை. வாய்ப்பேச்சை மட்டும் நம்பி 14 நாளை விட்டுவிடாதீர்கள். பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், கடிதம் கிடைத்தது என்று மட்டும் சொல்லும் படிவம் இன்னொரு பக்கம் போகட்டும்.

கடன் உங்களுடையது இல்லை, தொகை தவறு, அல்லது மிகப் பழையது என்றால் என்9பி-யில் எதிர்வாதம் எழுதிக் கோர்ட்டுக்கு அனுப்புங்கள். சாதாரண ஒப்பந்தக் கடனுக்கு 1980-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி பொதுவாக 6 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். இடையில் நீங்கள் பணம் கட்டியிருந்தாலோ எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தாலோ அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும். ஆகவே பழைய கடன் என்றால் முதலில் ஆலோசனை, அப்புறம் கடிதம்.

வாதாடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு, இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எதிர்வாதம் போட்டு, விசாரணை நடந்து, நீங்கள் தோற்றாலும் அந்தத் தீர்ப்பு உடனே பதிவேட்டில் ஏறாது. தவணையில் கட்டும்படி ஆணை வந்தாலோ, எதிர்த்தரப்பு வசூல் நடவடிக்கையைத் தொடங்கினாலோதான் ஏறும். சொன்ன தேதிக்குள் முழுதும் கட்டிவிட்டால் ரிப்போர்ட் சுத்தமாகவே இருக்கும். வாதாடாமல் விட்டவருக்கு இந்தச் சலுகை இல்லை.

படி 3: தீர்ப்பு வந்துவிட்டது என்றால் ஒரு மாதம்

தீர்ப்புத் தாளில் உள்ள தேதியைப் பாருங்கள். அதிலிருந்து ஒரு காலண்டர் மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டினால் பதிவேட்டிலிருந்தே அது நீக்கப்படும். ரிப்போர்ட்டில் சுவடு இருக்காது. ஒரு நாள் தாண்டிக் கட்டினாலும் 6 வருடம் நிற்கும்; "தீர்க்கப்பட்டது" என்ற குறிப்பு மட்டும் சேரும். அதனால் யாரிடமாவது கைமாற்று வாங்கியாவது கட்ட முடியுமென்றால் அதைச் செய்ய வேண்டியது இந்த ஒரு மாதத்துக்குள்தான்.

கட்டியதோடு விட்டுவிடக் கூடாது. வழக்குப் போட்டவர் கோர்ட்டுக்குத் தெரிவித்தாரா என்று கேளுங்கள். தெரிவிக்காவிட்டால் என்443 படிவத்தில், பணம் கட்டிய ஆதாரத்தோடு, சிறு கட்டணம் செலுத்தி நீங்களே கோர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். கடைசி நாளில் வங்கிப் பரிமாற்றம் செய்து, பணம் மறுநாள் போய்ச் சேர்ந்தால் வீண் தகராறு. நான்கைந்து நாள் முன்னாலேயே கட்டுங்கள்.

ஒரு மாதம் தாண்டிவிட்டது என்றாலும் கட்டுவது வீண் இல்லை. கட்டாத சிசிஜேயைப் பார்த்ததும் ஒதுக்கும் கடன் நிறுவனங்கள், கட்டி முடித்த சிசிஜேக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும். தொகை சிறியது, பழையது, தீர்க்கப்பட்டது என்றால் மார்ட்கேஜ் கிடைத்தவர்கள் உண்டு, டெபாசிட்டும் வட்டியும் கூடுதலாக இருந்தாலும்.

படி 4: தெரியாமலே வந்த தீர்ப்பை ரத்து செய்வது

எங்கள் கதை இதுதான். இங்கே வாடகை வீட்டில் இருப்பவர்கள் பலருக்கும் நடப்பதும் இதுதான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

வழக்குப் போடுபவர் தனக்குத் தெரிந்த உங்கள் கடைசி முகவரிக்கு அனுப்பினால் போதும், அது பொதுவாகச் சட்டப்படி செல்லும். அதனால் "எனக்குக் கடிதம் வரவில்லை" என்ற ஒற்றை வரியை வைத்து ரத்து வாங்கிவிட முடியாது. இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, வழக்கில் வெல்ல நிஜமான வாய்ப்பு உள்ள எதிர்வாதம், அல்லது ரத்து செய்ய வேறு நல்ல காரணம். இரண்டு, தெரிந்தவுடன் தாமதிக்காமல் வந்தீர்கள் என்பது. நீங்கள் கெடுவுக்குள் பதில் அனுப்பியும் தவறாகத் தீர்ப்பு கொடுக்கப்பட்டிருந்தால் கோர்ட் கட்டாயம் ரத்து செய்தாக வேண்டும்.

முதலில் வழக்கு எண்ணைக் கண்டுபிடியுங்கள். ரிப்போர்ட்டில் இருக்கும், இல்லையென்றால் ரெஜிஸ்ட்ரி டிரஸ்டின் டிரஸ்ட் ஆன்லைன் தளத்தில் கட்டணம் கட்டித் தேடலாம். அந்தக் கோர்ட்டைத் தொடர்புகொண்டு வழக்குப் படிவத்தின் நகலைக் கேளுங்கள். யார், எதற்காகக் கேட்கிறார்கள் என்று தெரியாமல் எதிர்வாதம் எழுத முடியாது.

அடுத்து என்244 படிவம். கட்டணம் 300 பவுண்டைத் தாண்டும். குறைந்த வருமானம் உள்ளவர்களும் சில அரசு உதவி பெறுபவர்களும் இஎக்ஸ்160 படிவத்தில் கட்டண விலக்கு கேட்கலாம். எதிர்த்தரப்பு முன்கூட்டியே சம்மதித்தால் கட்டணம் பாதிக்கும் கீழே வரும். அதனால் விண்ணப்பிக்கும் முன் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள்.

படிவத்தோடு நான் வைத்தவை இவை: ஒன்றரைப் பக்கத்துக்கு நடந்ததைத் தேதிவாரியாகச் சொல்லும் சாட்சி அறிக்கை, பழைய வீட்டு ஒப்பந்தம் முடிந்த தாள், புதிய வீட்டின் முதல் கவுன்சில் டாக்ஸ் பில், நான் அனுப்ப இருந்த எதிர்வாதத்தின் வரைவு, கேட்கும் ஆணையின் வரைவு. இவற்றோடு ஒரு படம். வீட்டைக் காலி செய்த அன்று காலை, படிக்கட்டுக்கு அடியில் இருந்த மின்மீட்டரை ஃபோனில் படம் எடுத்திருந்தேன். டார்ச் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு ஒரு இலக்கம் பாதி மறைந்திருந்தது. அப்படியிருந்தும் மற்ற நான்கு இலக்கமும் தேதியும் தெளிவாக இருந்தன. கம்பெனி கேட்ட 412 பவுண்டில் பெரும்பகுதி நாங்கள் போன பிறகு ஓடிய மின்சாரம் என்பது அந்தப் படத்திலிருந்து தெரிந்தது. எதிர்வாதம் என்று என்னிடம் இருந்தது அவ்வளவுதான்.

தனிநபர் என்றால் விண்ணப்பம் வழக்கமாக உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கோர்ட்டுக்கு மாற்றப்படும். நீதிபதி என்னிடம் மூன்று கேள்வி கேட்டார்: எப்போது வீடு மாறினீர்கள், கம்பெனிக்குச் சொன்னீர்களா, தீர்ப்பு எப்போது தெரியவந்தது. மூன்றுக்கும் தேதி சொல்ல முடிந்ததால் தப்பித்தேன். ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் இருந்தால் முன்கூட்டியே கோர்ட்டுக்கு எழுதி மொழிபெயர்ப்பாளர் கேட்டுப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ரத்தானால் பதிவேட்டிலிருந்தும் ரிப்போர்ட்டிலிருந்தும் தீர்ப்பு போய்விடும். ஆனால் வழக்கு போகாது, முதலிலிருந்து நடக்கும். கடன் உண்மையிலேயே உங்களுடையது என்றால், 300 பவுண்ட் செலவழித்து மறுபடி அதே இடத்துக்கு வர நேரலாம். பணத்தைக் கட்டிவிட்டு "ரிப்போர்ட்டைச் சுத்தம் செய்ய வேண்டும்" என்பதை மட்டும் காரணமாகச் சொன்னால் கோர்ட் பொதுவாக ஏற்காது. "சிசிஜேயை நீக்கித் தருகிறோம்" என்று காசு கேட்கும் கம்பெனிகள் செய்வதும் இதே என்244-ஐ நிரப்புவதுதான். அதை நீங்களே செய்யலாம். ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் மூன்றும் காசு வாங்காமல் வழி சொல்வார்கள்.

படி 5: ஒரேயடியாகக் கட்ட முடியாவிட்டால்

என்245 படிவத்தில் வரவு செலவைக் காட்டித் தவணையைக் குறைக்கக் கேட்கலாம். இதை விட்டால் அடுத்து பெய்லிஃப் (வீட்டுக்கு வரும் வசூல் அதிகாரி), சம்பளத்திலிருந்து பிடித்தம், வீட்டின் மேல் கடன் பதிவு என்று போகும். 5,000 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள தீர்ப்புக்கு 8 சதவீத வட்டி ஏறலாம். நுகர்வோர் கடன் சட்டத்துக்குள் வரும் கடன்களுக்கு இந்த வட்டி கிடையாது. 2021 மே 4 முதல் உள்ள ப்ரீதிங் ஸ்பேஸ் திட்டத்தில், கடன் ஆலோசகர் வழியாக 60 நாள் வட்டியையும் வசூலையும் நிறுத்தி வைக்கலாம். ஆனால் நடந்துகொண்டிருக்கும் வழக்கு தீர்ப்புவரை போகலாம் என்பதால் கோர்ட்டுக்குப் பதில் அனுப்புவதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

படி 6: மூன்று ரிப்போர்ட்டையும் எடுத்துச் சரிபாருங்கள்

மூன்று நிறுவனங்களும் சட்டப்படி இலவசமாக ரிப்போர்ட் தர வேண்டும். மாதக் கட்டணம் எதற்கும் சேரத் தேவையில்லை. ஒன்றை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், மூன்றும் ஒரே மாதிரி இருக்காது.

நம் பெயர்கள் இங்கே தனிச் சிக்கல். சிசிஜே பொருத்தப்படுவது பெயரையும் முகவரியையும் வைத்துத்தான். ஒரே ஆளின் பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்திலும், வங்கியில் இன்னொரு எழுத்திலும், மின்கட்டணத்தில் இனிஷியலோடும் இருக்கும். அப்பா பெயர் சிலருக்குக் குடும்பப் பெயர் இடத்தில், சிலருக்கு முதல் பெயர் இடத்தில். ஒரே வீட்டில் அண்ணன் தம்பி இருவருக்கும் கடைசிப் பெயரும் முதல் எழுத்தும் ஒன்றாக இருந்தால், ஒருவருடைய தீர்ப்பு மற்றவர் ரிப்போர்ட்டில் போய் உட்கார்வதுண்டு. பிழை கண்டால் அந்த நிறுவனத்துக்கு அடையாள ஆவணத்தோடு எழுதுங்கள். 28 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் பக்க விளக்கமாக 200 வார்த்தைக்குள் ஒரு குறிப்பை ரிப்போர்ட்டில் சேர்க்கவும் உரிமை உண்டு.

ஒரே முகவரியில் இருப்பதால் மட்டும் அடுத்தவர் கடன் உங்களைப் பாதிக்காது. கூட்டு வங்கிக் கணக்கோ கூட்டு மார்ட்கேஜோ இருந்தால்தான் நிதித் தொடர்பு ஏற்படும். அந்தத் தொடர்பு முடிந்துவிட்டது என்றால் அதைத் துண்டிக்க எழுதிக் கேட்கலாம்.

இன்னொன்று. கடன் கொடுத்த நிறுவனம் போட்ட "டிஃபால்ட்" (கட்டத் தவறினார்) குறிப்பும் சிசிஜேயும் தனித்தனிப் பதிவுகள். இரண்டுக்கும் தனித்தனி 6 வருடம். ஒரே கடன் இரண்டு இடத்தில் தெரிந்தால் அது பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

படி 7: ஆறு வருடம் ஓடும்வரை

வாக்காளர் பட்டியலில் பெயர் சேருங்கள். இந்தியா, இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர்களும் காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில், இங்கே தங்க அனுமதி இருந்தால், சேரலாம். இது தெரியாமல் பத்து வருடம் விட்டவர்கள் இருக்கிறார்கள். முகவரி உறுதியாவது ரிப்போர்ட்டுக்கு நல்லது. மாத பில்களைத் தானியங்கிக் கட்டணத்தில் போடுங்கள். அடுத்தடுத்துப் பல இடங்களில் கடன் விண்ணப்பம் போடாதீர்கள்.

6 வருடம் முடிந்ததும் பதிவு தானாக மறையும், கட்டியிருந்தாலும் கட்டாவிட்டாலும். ஆனால் கட்டாத தீர்ப்பு கடனாகவே இருக்கும். 6 வருடம் தாண்டி பெய்லிஃபை அனுப்ப வழக்குப் போட்டவர் கோர்ட்டின் அனுமதி கேட்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வீடு மாறும் நாளில்

வங்கி, கவுன்சில், மின்சாரம், தண்ணீர், ஃபோன் எல்லோருக்கும் புதிய முகவரி சொல்லுங்கள். கார் வைத்திருப்பவர்கள் டிரைவிங் லைசன்ஸில் முகவரி மாற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். காரின் பதிவு ஆவணமான வி5சி-யைத் தனியாக மாற்ற வேண்டும். தனியார் பார்க்கிங் கம்பெனிகள் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ-விடம் முகவரி வாங்குவது அதிலிருந்துதான். மாற்றாவிட்டால் 1,000 பவுண்ட் வரை அபராதமும் உண்டு. ராயல் மெயிலில் காசு கட்டி ஒரு வருடத்துக்குத் தபால்களைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடுங்கள்.

போன தடவை வீடு மாறியபோது மின்சாரம், கேஸ், தண்ணீர் மூன்று மீட்டரையும் டார்ச் போடாமல், கதவைத் திறந்து வெளிச்சம் விட்டு, இலக்கங்கள் எல்லாம் தெரிகிற மாதிரி படம் எடுத்தேன். அங்கேயே நின்று மூன்றையும் கம்பெனிகளுக்கும் எனக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன்.